சாவின் விளிம்பில் கண்டவை

சங்கரன்கோயிலைச் சூழ்ந்த ஊர்களிலும், "செத்துப் பிழைத்தவர்" என்று ஒருவரைச் சுட்டும் வழக்கு உண்டு. மூச்சடங்கியது என்று சுற்றத்தார் அழத் தொடங்கியபின் கண்விழித்தவர் அவர். தூதுவர் தம்மை அழைத்துச் சென்றனர் என்றும், ஆள் மாறிவிட்டதென்று திருப்பி அனுப்பினர் என்றும் சிலர் உரைப்பர். இவ்வுரையை நாம் எவ்வாறு கொள்வது?

இதனை ஆராய்வதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ் உண்டு. 1980களின் தொடக்கத்தில் 'அனபயோசிஸ்' என்னும் பெயரில் தோன்றிய அது, 1987இல் 'மரண அண்மை ஆய்விதழ்' எனப் பொருள்படும் பெயரை ஏற்றது. நெடுங்காலம் அதன் ஆசிரியராயிருந்த மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன், இவ்வனுபவத்தை அளக்க 1983இல் 16 வினாக்களை வகுத்தார். மொத்த மதிப்பெண் 32. ஏழும் அதற்கு மேலும் பெற்றவையே மரண அண்மை அனுபவமாகக் கொள்ளப்படும்.

பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சா, இயன் ஸ்டீவன்சனுடன் இணைந்து 1986இல் 16 இந்திய நிகழ்வுகளை வேறொரு மருத்துவ இதழில் வெளியிட்டார். அவற்றில் தூதுவரும் ஆள் மாறாட்டமும் பெரிதும் காணப்பட்டன. மேல்நாட்டார் பலரோ தம் உடலை மேலிருந்து கண்டதாகக் கூறுவர். நெதர்லாந்தில் இதயம் நின்று மீண்ட 344 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியான அறிக்கையில், 62 பேரே ஏதேனும் கண்டதாக உரைத்தனர்.

நாட்டுக்கு நாடு காட்சி வேறுபடுவதால், கண்டதெல்லாம் மறுவுலகம் என்று துணிதல் பொருந்தாது. நலிந்த மூளையின் மயக்கமே என்று முடிவு கட்டவும் ஆய்வு இன்னும் இடம் தரவில்லை.

நம் தத்துவார்த்த சூத்திரம் இங்கே தெளிவு தருகிறது. ஆயுள் வினை தீர்ந்த உயிர், காலத்தின் மிக நுண்ணிய அலகாகிய சமயம் நான்கிற்கு மேற்படாமல் அடுத்த பிறவியை எய்தும். பழைய உடலுக்கு மீளுதல் அதற்கில்லை. ஆகவே, மீண்டவர் இறந்தவர் அல்லர், ஆயுள் எஞ்சியிருந்தவரே. 'மரணம்' என்னாது 'மரண அண்மை' என்று அவ்விதழ் பெயரிட்டதும் இதனோடு ஒத்துள்ளது.

எனவே, அத்தகையோர் நம் இல்லத்தில் இருப்பின், அவரைப் பித்தர் என்று இகழவும் வேண்டா. அவர் சொல்லை மறுவுலகச் சான்றாக்கிப் பிறரை அச்சுறுத்தவும் வேண்டா. பொறுமையுடன் கேட்போம். எஞ்சிய ஆயுளை நல்லொழுக்கத்தில் செலுத்த அவருக்குத் துணைநிற்போம். நம் ஆயுளும் எஞ்சியிருப்பதே என்பதை மறவாதிருப்போம்.