450 வாட் போதுமா?

கேள்வி: மகனுக்குப் புதுக் கணினி சேர்க்கிறோம். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை. கடைக்காரர் 450 வாட் பவர் சப்ளை போதும் என்கிறார். தம்பி 850 வாங்கச் சொல்கிறான். கரண்டு பில் ஏறாதா?
– வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: ஏறாது. பெட்டியில் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்சம். கணினி கேட்கும் அளவைத்தான் அது இழுக்கும். உங்கள் ரைசன் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும், அட்டை 115. போர்டு, மெமரி, விசிறிகளுக்கு ஒரு 70 வையுங்கள். மொத்தம் 275 பக்கம். ஆனால் அட்டை சில நொடித் துளிகளுக்கு அதைவிட அதிகமாக இழுக்கும். என்விடியாவே இதற்கு 550 என்கிறது. தரமான 550 வாங்குங்கள். பின்னால் பெரிய அட்டை போடுவதாக இருந்தால் 650. 850 வீண் செலவு.

லேபிளில் மொத்த வாட்டை விட 12 வோல்ட் வரியைப் பாருங்கள். பிராசசரும் அட்டையும் அங்கிருந்துதான் உண்கின்றன. '600' என்று அச்சடித்து 12 வோல்ட்டில் 400கூடத் தராத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை மின்னல். கோல சிலாங்கூர்ப் பக்கம் பிற்பகல் இடி உங்களுக்குத் தெரியாததா? வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இன்டர்நெட் மோடத்தையும் சேர்த்து. பழைய லயன் வீடு என்றால், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் சரியா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் சர்ஜ் புரொடெக்டர் மாட்டியும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது.