தராசு பிடித்த டாக்டர்

சர்க்கரை வியாதி கண்டால் அதை மறைப்பது நம் வியாபாரிகளிடையே வழக்கம். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமே, சரக்குக் கடன் கொடுப்பவர் யோசிப்பாரே என்ற அச்சம்.

1920ல் லண்டனில் அறுவைச் சிகிச்சை பயின்றுகொண்டிருந்தார் ராபின் லாரன்ஸ். கண்ணில் எலும்புத் துணுக்குப் பட்டு வைத்தியம் செய்கையில் சர்க்கரை வியாதி தெரிய வந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்று அதற்குப் பட்டினிப் பத்தியமன்றி வேறு வழியில்லை. வீட்டார் கண்ணெதிரே மௌத்தாக மனமின்றி இத்தாலியின் பிளாரன்சுக்குப் போனார். (ஒளிந்தவர்தாம் இவரும்!)

1923ல் இன்சுலின் வந்துவிட்டதென்று செய்தி கிடைத்தது. தள்ளாத உடம்போடு மோட்டாரோட்டி லண்டன் திரும்பினார். மே 31ந் தேதி முதல் ஊசி. பிறகு தம் உடம்பையே கணக்குப் புத்தகமாக்கி, அந்த வியாதியையே ஆராயலானார். உணவை நிறுத்து, 10 கிராம் மாவுச்சத்து ஒரு பங்கென வகுத்தார்; நோயாளி வீட்டிலேயே கணக்கிட முடிந்தது. ஏலக்காயைக்கூட நிறுத்து விற்கும் நாம், நம் தட்டுச் சோற்றை என்றாவது நிறுத்ததுண்டா?

1934ல் நாவலாசிரியர் எச்.ஜி.வெல்சுடன் சேர்ந்து நோயாளிகளுக்குச் சங்கம் தொடங்கினார். வெல்சுக்கும் இதே வியாதி. சங்கத்தின் பெயரிலேயே அது இருந்தது, மறைக்கவில்லை. லாரன்ஸ் 1968ல் காலமானபோது வயது 75.