காடாகிப் போன நிலம்: வெட்டுவதா, விடுவதா?

உழவு நின்று பல ஆண்டுகளான நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நுழைய முடியாதபடி சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும். அப்படி 2 ஏக்கர் நிலம் உங்கள் குடும்பத்துக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். “இயந்திரம் விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம்” என்கிறார் பெரியப்பா. “இருக்கட்டும், விறகுக்கு ஆகும்” என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கயிறும் நான்கு முளைக்குச்சிகளும் போதும். 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை அமையுங்கள். இதைப்போல ஐந்து சதுரங்கள் வேண்டும். நுழைய எளிதான ஓரங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் கணக்குப் பிழையாகும். முள்ளும் பாம்பும் இருக்கலாம். செருப்பணிந்து, பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள்.

சதுரங்களுக்குள் வேம்பு, இலந்தை போன்ற நம் மரக்கன்றுகளை எண்ணுங்கள். முள்மரக் கிளைகளில் வந்தமரும் பறவைகள் எச்சத்தோடு போட்ட விதைகளில் முளைத்தவை அவை. ஐந்திலும் சேர்த்து 12 கன்றுகள் என்று கொள்வோம். சதுரங்களின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டர். 2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,100 சதுர மீட்டர். அப்படியானால் நிலம் முழுவதிலும் சுமார் 194 கன்றுகள்! யாரும் நடாமலே வேரூன்றியவை. இயந்திரம் இவற்றையும் சேர்த்து வழித்துவிடும்.

அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. சீமைக் கருவேலின் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்கின்றன. விதைகள் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கின்றன. நாளடைவில் புதர் இன்னும் அடர்ந்து, கன்றுகளுக்கு வெயில் கிடைக்காமல் போகும்.

ஆகவே நடுவழி ஒன்று உண்டு. முதலில் கன்றுகளுக்கு அடையாளத் துணி கட்டுங்கள். அவற்றைச் சுற்றியுள்ள முள்மரங்களை அகற்றுங்கள். தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பறிப்பதே நல்லது. இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று செய்யுங்கள். முழு நிலத்தையும் மொட்டையாக்கினால் மழையில் மேல்மண் அரித்துப் போகும். வெயில் பட்டதும் மண்ணிலுள்ள முள்விதைகள் முளைக்கும். அவற்றைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும். சந்தனம் போன்ற மரங்களைச் சொந்த நிலத்திலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

பெரியப்பா கேட்டபடி முள் போகும். பாட்டிக்கு விறகும் கிடைக்கும். கன்றுகள் மரமாகும்.

செய்து பாருங்கள்: உங்கள் ஊர்ப் புதர் ஒன்றில் ஐந்து சதுரங்களுக்குப் பதில் பத்து அமைத்து எண்ணுங்கள். விடை எவ்வளவு மாறுகிறது? ஏன்?