குளோசப்பின் மாத்திரையும் விரத காலமும்

தைப்பூசம் நெருங்குகையில், கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலுக்கு வரும் அன்பர்கள் சிலர், "பிள்ளைக்குக் குளோசப்பின் கொடுக்கிறோம், விரதம் இருக்கலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன். என் தம்பி பல்லாண்டுகளாக இம்மாத்திரையில் இருப்பவர் என்பதால் கேட்கின்றனர்.

மனச்சிதைவு நோய்க்கு மற்ற மருந்துகள் பலன் தராதபோதே இதனைத் தருவர். 1975இல் பின்லாந்தில் இதனை உட்கொண்டோரில் எண்மர், இரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்தனர். பல நாடுகள் மருந்தை விலக்கின. பிற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 100க்கு 30 பேர் இதனால் தேறியதாகவும், பழைய குளோர்புரோமசினில் தேறியவர் 4 பேரே எனவும் 1988இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிய பிறகு, இரத்தப் பரிசோதனை என்னும் காவலுடன் மருந்து மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.

முதல் 18 வாரம் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் இரத்தம் எடுப்பது வழக்கம். ஆபத்து பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான். காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால், பனடோல் கொடுத்துக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்தம் பார்க்க வேண்டும்.

இனி விரதம். மாலை அணிந்ததும் பலர் சிகரெட்டை விடுகின்றனர். நல்ல காரியமே. ஆனால் சிகரெட்டுப் புகை ஈரலைத் தூண்டி இம்மருந்தை விரைவில் கரைத்துவிடும். புகை நின்றால், அதே மாத்திரை சில நாட்களில் இரத்தத்தில் அளவு மீறி, கடும் உறக்கமும் வலிப்பும்கூட வரலாம். முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார்.

மலச்சிக்கலை நம்மவர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். இம்மருந்தோ குடலின் அசைவையே மந்தமாக்கும். குடல் அடைபட்டு உயிர் போனதும் உண்டு. ஒருவேளை உணவும் குறைந்த தண்ணீரும் சிக்கலைக் கூட்டும். எங்கள் தாயார் தம்பியின் கழிப்பறைக் கணக்கையும் நாட்காட்டியில் குறித்து வைப்பார். இதில் கூச்சம் என்ன?

பழனி யாத்திரை போன்ற பயணங்களில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தவறினால், பழைய அளவை அப்படியே விழுங்கலாகாது. இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார். தம்பியின் மாத்திரைகள் விமானத்தில் ஏற்றும் பெட்டியில் போவதில்லை. என் தோள்பையில்தான் இருக்கும்.