மேய்கிற மான் மேய்ந்துகொண்டிருக்கட்டும்

சிரஞ்சீவி மகனுக்கு,

பெரியப்பா எழுதிக்கொண்டது. கோடை விடுமுறையில் நண்பர்களோடு முதுமலைக்குப் போவதாகவும், புலியைப் பார்க்காமல் திரும்புவதில்லையென்று எல்லாரும் சபதம் செய்திருப்பதாகவும் உன் கடிதத்தில் கண்டேன். அந்தச் சபதத்தைப் பற்றித்தான் சற்று விஸ்தாரமாக எழுதுகிறேன். ஏனெனில் சுற்றுலாவின் பெயரால் வனத்துக்குள் நடக்கும் அபசாரங்களில் பெரும்பகுதிக்கு அதுவே மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, பந்திப்பூரோடும் வயநாட்டோடும் ஒன்றாய்க் கலந்து, யானைகள் மாநில எல்லை பாராமல் சஞ்சரிக்கும் ஒரே பெருவனமாக விரிந்து கிடக்கிறது. நீ போகும் காலத்திலோ, மரங்கள் இலையுதிர்த்து ஓடைகள் வற்றிப்போக, மாயாற்றையும் சில குட்டைகளையும் நம்பியே சகல ஜீவன்களும் பொழுதைக் கழிக்கும். அப்படியொரு சாயங்காலத்தில், சாலையோரத்து உண்ணிப்புதருக்குப் பின்னால், குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு யானைக்கூட்டம் தண்ணீருக்குப் போகக் காத்து நின்றதையும், வரிசையாக நின்ற கார்களிலிருந்து கைப்பேசிகள் நீண்டபடியே இருந்ததால், தாய்யானை இரண்டடி எடுத்து வைப்பதும், துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிப்பதும், மறுபடி பின்வாங்குவதுமாகத் தவித்ததையும் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அங்கே யாரும் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. வெறுமனே நின்று பார்த்தார்கள். அதுவே அந்தக் குட்டியின் தாகத்துக்குத் தடையாயிற்று.

ஆகவே, மகனே, மேய்கிற மான் மேய்ந்துகொண்டேயிருக்கும் வரையில்தான் நீ தக்க தூரத்தில் இருக்கிறாய் என்று கொள். அது தலையை நிமிர்த்தி, காதுகளை உன் பக்கம் திருப்பி, வாயிலிருக்கும் புல்லை மெல்லுவதையும் நிறுத்திவிட்டதானால், அங்கிருந்து விலகவேண்டியவன் நீதான்.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறியதும், “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க அண்ணே, மேலே ஏதாவது தர்றோம்” என்று ஓட்டுநருக்கு ஆசை காட்டாதே. சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கிற ஒருவரை விதிமீறத் தூண்டிவிட்டுப் பிழையை அவர் தலையில் கட்டுவது அதர்மம். காதுகளை விரித்து வாலைத் தூக்கி யானை அசையாமல் நிற்கும்போது அதன் உத்தேசம் இன்னதென்று அவருக்குத் தெரியும். அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தால், ஏனென்று கேளாமல் உட்கார்ந்திரு.

பேச்சையும் பாட்டையும் நிறுத்திவிட்டாயானால் காடே உனக்குச் சமாசாரம் சொல்லும். மரத்துச்சியில் மந்தி கரகரத்துக் கத்த, கீழே புள்ளிமான் கூர்மையாகக் குரல் கொடுக்க, கடமான் முன்னங்காலால் தரையை உதைத்து ஓங்கி ஒலியெழுப்ப, புதர்களுக்குள்ளே எங்கோ ஒரு புலி நடந்து போகிறதென்பதை, அதன் வாலைக்கூடக் காணாமலே நீ அறிந்துகொள்ளலாம். புலி தரிசனம் தரவில்லையென்று முகம் வாடித் திரும்புகிறவர்கள் இந்தப் பாக்கியத்தைப் பெற்றதேயில்லை.

குரங்குக்கு பிஸ்கட் போடாதே. உப்பு ருசியுள்ள காலிப் பொட்டலத்தையும் மான் தின்றுவிடும் என்பதை மறவாதே. தங்குமிடத்தை விசாரித்துத் தேர்ந்தெடு. ராத்திரியில் ஜீப்பில் விளக்கடித்து மிருகம் காட்டுகிறோமென்று அழைப்பவர்கள் சட்டவிரோதமான காரியத்துக்கே அழைக்கிறார்கள். 2021-இல் முதுமலையை அடுத்த மசினகுடியில், ஒரு விடுதியருகே எரிகிற பொருளை மேலே வீசி விரட்டப்பட்ட யானையொன்று தீக்காயத்தோடு மாண்ட செய்தியை நீயும் படித்திருப்பாய். காட்டை ஒட்டிக் கட்டிய விடுதிகளுக்கு நம்மைப்போன்றவர்கள் கொடுக்கும் பணத்துக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமில்லையென்று என்னால் மனமொப்பிச் சொல்ல முடியவில்லை.

மைசூர் வழியாகத் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். அந்த வழியிலுள்ள பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை அடைக்கப்படுகிறது. அடைப்பதற்குள் கடந்துவிட வேண்டுமென்று கடைசி நேரத்தில் பறக்கிற வண்டிகளுக்கு, குறுக்கே வரும் மானும் முயலும் கண்ணில் படுவதில்லை. மாலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடு. இந்தக் கடிதத்தை உன் நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டு.

அநேக ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா