ஊர் எது? யார் பிள்ளை?
அறிமுகக் கேள்விகளும் அவற்றிற்கு விடை சொல்லும் முறையும்



நம்மவர் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால், ஸலாம் சொல்லிப் பற்றிய கையை விடுவதற்கு முன்பே ஒரு கேள்வி பிறந்துவிடும். "ஊர் எது?" என்பதே அது. அதற்கு விடை கிடைத்ததும் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பது அடுத்து வரும். "என்ன வியாபாரம்?" என்பது மூன்றாவது. பங்சாரில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், சங்கக் கூட்டத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போதும் இம்மூன்று கேள்விகளையும் கேளாதவர் நம்மில் இல்லை.

இவற்றைக் குறித்து இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "பிறர் விஷயத்தைத் துருவுவது ஏன்?" என்று இளைஞர் சிலர் சலித்துக் கொள்கின்றனர். பெரியவர்கள் சிலரோ, "கேட்டால்தானே மனிதன் தெரியும்" என்று எதையும் கேட்கத் தயங்குவதில்லை. இரு சாராரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. அறிமுகக் கேள்விக்கு ஒரு பயன் உண்டு. அதற்கு ஒரு வரம்பும் உண்டு. சங்கத்தில் சேரும் புது உறுப்பினர்களைப் பழைய உறுப்பினர்கள் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வழக்கமாகையால், அப்பயனையும் வரம்பையும் இப்பாடத்தில் காண்போம்.

அடுத்தடுத்து மூன்று வசனங்கள்

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் ஸூரா ஹுஜுராத். மொத்தம் 18 வசனங்களே உள்ள சிறு அத்தியாயம். மனிதர் மனிதரோடு பழகும் ஒழுக்கம் இதில் விரிவாகப் பேசப்படுகிறது. அதன் 11, 12, 13ஆம் வசனங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

11ஆம் வசனம், பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் விலக்குகிறது. 12ஆம் வசனம், வீண் சந்தேகத்தையும், உளவு பார்ப்பதையும், புறம் பேசுவதையும் விலக்குகிறது. 13ஆம் வசனமோ, மனிதர்கள் பல இனத்தாராகவும் கோத்திரத்தாராகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் மிகுந்தவரே இறைவனிடம் கண்ணியம் மிகுந்தவர் என்றும் போதிக்கிறது.

இந்த வரிசையைச் சற்றுச் சிந்தியுங்கள். அறிந்துகொள்ளுங்கள் என்று சொல்வதற்கு முன்னால், ஏளனம் செய்யாதீர்கள், துருவாதீர்கள் என்ற இரண்டு வேலிகள் போடப்பட்டுள்ளன. வேலிக்கு உள்ளே நின்று கேட்கும் கேள்வி நட்பை வளர்க்கும். வேலியைத் தாண்டிய கேள்வி, அதே சொற்களில் கேட்கப்பட்டாலும், பகையை வளர்க்கும்.

நாயகம் அவர்கள் கேட்ட கேள்விகள்

அரபு நாட்டின் கீழ்த்திசையிலிருந்து அப்துல் கைஸ் கூட்டத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காண வந்தார்கள். இவர்கள் எக்கூட்டத்தார் என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். ரபீஆ கோத்திரத்தார் என்று விடை வந்தது. உடனே, இழிவும் வருத்தமுமின்றி வந்தவர்கள் என்று சொல்லி அவர்களை வரவேற்றார்கள். புகாரீ ஷரீபில் இது பதிவாகியிருக்கிறது. கேள்விக்குப் பின்னே வந்தது வரவேற்பு, எடைபோடுதல் அன்று. நாம் பாடமாகக் கொள்ள வேண்டியது இதுவே.

மதீனாவில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாகப் பிணைத்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் சகோதரராக வாய்த்தார்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மானோ அவர்களுக்கு துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். சில நாட்களில் அவர்கள் ஆடையில் வாசனைப் பூச்சின் மஞ்சள் அடையாளத்தைக் கண்ட நாயகம் அவர்கள், என்ன செய்தி என்று விசாரித்தார்கள். திருமணம் முடித்தேன் என்று தெரிந்ததும், ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்து கொடுக்கச் சொன்னார்கள். புதிதாய் வந்த வியாபாரியை விசாரிப்பது எவ்வளவு அழகான காரியம் என்பதற்கு இது ஒரு சான்று.

ஒருவரோடு தோழமை கொண்டால் அவர் பெயரையும், தந்தையின் பெயரையும், எக்கூட்டத்தார் என்பதையும் கேட்டுக்கொள்வது அன்பை வலுப்படுத்தும் என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்புத் தொடரில் குறை இருப்பதை இமாம் திர்மிதீ அவர்களே குறித்திருக்கிறார்கள். ஆகவே அதைச் சட்டமாகக் கொள்ளாமல், நல்ல பழக்கத்தை நினைவூட்டும் சொல்லாகக் கொள்ளலாம்.

"ஊர் எது?"

இக்கேள்வி நம்மவர்க்குக் கப்பல் காலத்துச் சொத்து. ராஜுலா என்ற கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனப் பல தலைமுறைகளை இறக்கிவிட்டது. (போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்டது.) மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்குப் பக்கத்துப் பாய்க்காரர் யாரென்று தெரிவது அவசியம். கடலில் நோய் கண்டால் தண்ணீர் கொடுப்பவரும் அவரே. கரையிறங்கியதும் முகவரி தேடித் தருபவரும் அவரே.

அக்காலத்தில் ஊர்ப்பெயரே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்றால் கடற்கரை வாணிகம் நினைவுக்கு வரும். கடையநல்லூர் என்றால் நெசவும், குடும்பத்தோடு குடிபெயர்ந்த மக்களும் நினைவுக்கு வருவர். இன்றோ நம் பிள்ளைகளில் அநேகர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். "ஊர் எது?" என்று கேட்டால் "பங்சார்" என்கிறார்கள். "அதற்கு முன்?" என்று பெரியவர் மறுபடியும் கேட்க, பிள்ளை விழிக்கிறான்.

பிள்ளை சொன்ன விடை சரியானதே. ஆனால் பங்சாரிடமே "நீ யார் பிள்ளை?" என்று கேட்டால் என்ன சொல்லும்? பங்கே, கிரிஸார் என்ற இரு ஐரோப்பியரின் பெயர்கள் கூடி இக்கித்தாத் தோட்டத்திற்குப் பெயரானதென்பர். பக்கத்திலுள்ள அப்துல்லாஹ் ஹுக்கும் என்ற இடத்தின் பெயரோ, சுமத்திராவின் கெரிஞ்சியிலிருந்து வந்த ஒருவருடையது. வந்தவர்களால் ஆன ஊரில், எங்கிருந்து வந்தோம் என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

நம் முன்னோர் ஒருவர் இக்கேள்விக்கு நூல் வடிவிலேயே விடை தந்திருக்கிறார். மலாக்காவில் 1790களின் இறுதியில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், நண்பர் ஒருவர் தம் வமிசத்தையும் வாழ்க்கையையும் எழுதித் தரும்படி கேட்டதற்கிணங்கவே, 'ஹிக்காயத் அப்துல்லாஹ்' நூலை எழுதியதாக அதன் தொடக்கத்தில் கூறுகிறார். அது 1849இல் அச்சாகியது. பாட்டனாரின் தந்தை எமனிலிருந்து புறப்பட்டு நாகூரில் தங்கி, மார்க்கமும் மொழியும் போதித்து, அங்கே மணம் புரிந்தவர் என்றும், பாட்டனார் மலாக்கா வந்து குடியேறினார் என்றும் அவர் எழுதுகிறார். தாம் சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் கற்றதையும், கணக்கிற்கும் வியாபாரப் பேச்சிற்கும் அது வேண்டியிருந்ததால் மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்பது வழக்கம் என்பதையும் சொல்கிறார். எமன், நாகூர், மலாக்கா ஆகிய மூன்றில் எதையும் அவர் மறைக்கவில்லை. எதையும் பெருமையடித்துக் கொள்ளவுமில்லை. பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டிய விடை இம்மாதிரியானதே: "நான் பங்சார், வாப்பா பிறந்தது கிள்ளான், பாட்டனார் தொண்டியிலிருந்து வந்தவர்."

"பெயர் என்ன?"

முஹம்மது இப்ராஹீம், அப்துல் காதர், ஷாஹுல் ஹமீது என்று ஒரு கூட்டத்தில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவர். ஆகையால் நம்மவர்க்குத் தந்தை பெயர் அலங்காரமன்று, அவசியம். தமிழ்நாட்டில் தலையெழுத்தாக முன்னே நிற்கும் தந்தை பெயர், இந்நாட்டு அடையாள அட்டையில் 'பின்' என்ற சொல்லோடு பின்னே நிற்கிறது. 'மு. அப்துல் காதர்' என்பவரும் 'அப்துல் காதர் பின் முஹம்மது இப்ராஹீம்' என்பவரும் ஒருவரே என்று ஊரில் உள்ளவர்க்கு எப்படித் தெரியும்? பங்குப் பத்திரத்திலும் காணிப் பத்திரத்திலும் இதனால் வரும் தொல்லையை வியாபாரிகள் அறிவர். எனவே தலையெழுத்தை விரித்துச் சொல்லுங்கள். வீட்டுப்பெயர் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மணமான ஆண் மனைவி வீட்டில் வாழ்வது வழக்கம். அங்கே "எந்த வீடு?" என்றால் பிறந்த வீடு ஒன்று, மணந்த வீடு ஒன்று என இரண்டு விடைகள் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் ஆள் விளங்கும்.

மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற பட்டங்களைச் சொல்வதில் குற்றமில்லை. அவை முன்னோர் தொழிலையும் வரலாற்றையும் நினைவூட்டுவன. அவற்றைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிப்பதே குற்றம். 13ஆம் வசனம் அந்த வாயிலை அடைத்துவிட்டது. அவ்வாறே 'மாமாக்' என்ற சொல், 'மாமா' என்னும் நம் உறவுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். அன்போடு அழைப்பவரும் உண்டு. இளக்காரமாக அழைப்பவரும் உண்டு. பிறர் அழைப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும், "நொண்டி", "கருப்பு" என்று நம்மவரை நாமே அழைப்பதையாவது நிறுத்தலாமல்லவா?

"என்ன வியாபாரம்?"

மளிகையோ, ஜவுளியோ, பணமாற்றோ, சாப்பாட்டுக் கடையோ, செய்வதைச் செய்வதாகச் சொல்லுங்கள். வாடகைக்கு எடுத்த ஒட்டுக்கடையை "ரெஸ்டாரண்ட்" என்று சொல்லி அறிமுகமானவர், நாளைக்குக் கைமாற்றுக் கேட்க நேர்ந்தால் என்ன செய்வார்? கேட்டவர் நேரில் வந்து பார்த்த அன்றே நாணயம் போய்விடும். வியாபாரிக்கு முதல் என்பது பணம் மட்டுமன்று; அவன் வாய்ச்சொல்லும் முதலே.

கேட்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊரும் பெயரும் தெரிந்ததால் மனிதனைத் தெரிந்துவிட்டதாக எண்ணலாகாது. கலீபா உமர் (ரலி) அவர்களிடம், ஒரு சாட்சியைத் தமக்குத் தெரியும் என்று ஒருவர் நற்சான்று கூறினார். அவரிடம் உமர் அவர்கள், அம்மனிதரின் போக்கையும் வரவையும் அறிந்த அண்டை வீட்டாரா நீர்? அவரோடு காசு பணம் கொடுத்து வாங்கியதுண்டா? பிரயாணம் செய்ததுண்டா? என்று கேட்டார்கள். எல்லாவற்றிற்கும் இல்லை என்று விடை வரவே, உமக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்களென அறிவிக்கப்படுகிறது.

"நம்ம ஊர்க்காரர்" என்ற ஒரே காரணத்திற்காக வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுபவர்கள் இதை மனப்பாடம் செய்து கொள்ளட்டும். அறிமுகம் கதவைத் திறக்கும். கல்லாப்பெட்டியைத் திறப்பதற்கு அண்டை வாழ்வும், கொடுக்கல் வாங்கலும், பிரயாணமும் வேண்டும்.

கேட்கலாகாதவை

வருமானம் எவ்வளவு, கடைக்கு எவ்வளவு கொடுத்தீர், ஏன் இன்னும் குழந்தையில்லை, மகளுக்கு ஏன் இன்னும் முடியவில்லை, பழைய முதலாளியை விட்டு ஏன் வந்தீர் ஆகிய இவை வேலிக்கு வெளியே உள்ளவை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நாமாகக் கிளறலாகாது. "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்ற நம் பழைய விசாரிப்பில் எல்லாம் அடங்கிவிடும்.

கடைச்சிப்பந்தியாகப் புதிதாய் வந்த தம்பியிடம் பலர் முன்னிலையில் கேள்விகளை அடுக்குவதும் தகாது. ஊரில் கடன் உண்டா என்று கூட்டத்தில் கேட்டால் அவன் என்ன சொல்வான்? தனியே அழைத்து, முதலில் உங்கள் ஊரையும் பெயரையும் சொல்லுங்கள். பின்பு அவனைக் கேளுங்கள். கேட்பவர் தம்மைச் சொல்லாமல் கேட்பது விசாரணை. தம்மைச் சொல்லிவிட்டுக் கேட்பதே அறிமுகம்.

விருப்பமில்லாத கேள்விக்குப் பொய் சொல்லித் தப்ப வேண்டியதில்லை. "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை, காக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினால், புத்தியுள்ளவர் புரிந்து கொள்வார்.

முடிவாக ஒன்று

இவ்வளவு சொல்லவேண்டியது ஏனெனில், இக்கேள்விகளின் உண்மையான அவசியம் நல்ல நாளில் தெரிவதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே இருக்கும் ஒருவர் திடீரென நோயில் விழுந்தாலோ, மவுத்தாகிவிட்டாலோ, பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பது இம்மூன்று கேள்விகளையே: ஊர் எது? யார் பிள்ளை? யாருக்குச் சொல்வது? ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது. பத்து வருஷம் ஒன்றாகத் தேநீர் குடித்தவருக்கு "பாய்" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாவிட்டால், அது எவ்வளவு துக்ககரமான விஷயம்!

ஆகவே இப்பாடத்தின் பயிற்சியாக, அன்பர்கள் இன்றிரவு கடை கட்டுமுன் ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதி வைக்கவும்.

1. அடையாள அட்டையில் உள்ள பெயரும், ஊரில் வழங்கும் பெயரும்.
2. தந்தை பெயரும், வீட்டுப்பெயரும் தலையெழுத்து விரித்து.
3. பூர்வீக ஊரும், அங்கே மஹல்லாப் பள்ளிவாசலும்.
4. இங்கே ஒருவர், ஊரில் ஒருவர், ஆக இரண்டு பேரின் தொலைபேசி எண்கள்.
5. கொடுக்க வேண்டிய கடனும், வர வேண்டிய கடனும்.

ஐந்தாவது விடையை உறையிலிட்டு மூடி வீட்டில் வையுங்கள். மற்ற நான்கையும் கல்லாப்பெட்டியில் வையுங்கள். அதில் ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடமும் கொடுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் தம்பிகளிடமும் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பிறகு அடுத்த கூட்டத்தில் நீங்கள் அறியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் உங்கள் ஊரைச் சொல்லுங்கள்.

நம்மை ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவும், அறிந்ததைக் கொண்டு ஒருவருக்கொருவர் உதவுபவர்களாகவும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.