விவாதி மேளங்களும் கோடீசுவர ஐயரும்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலை அடுத்த தெருக்களில் சங்கீதம் பயின்றோரிடையே நெடுங்காலமாக ஓர் அச்சம் வழங்கி வந்தது. விவாதி மேளங்களுக்குரிய இராகங்களைப் பாடினால் பாடுவோனுக்குத் தீங்கு நேரும் என்பதே அது. வராளியை ஆசிரியர் மாணவனுக்கு நேரிற் கற்பித்தால் இருவர்க்கும் மனத்தாங்கல் உண்டாகும் என்றும் கூறுவர். இவ்வச்சத்தைப் பொருட்படுத்தாது, 72 மேளங்களுக்கும் தமிழில் தனித்தனியே கீர்த்தனை இயற்றியவர் கோடீசுவர ஐயர். அவர் செய்த சோதனையின் அருமையை உணர்வதற்கு, விவாதி என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும்.

நம் இசையில் ஒரு ஸ்தாயிக்குரிய சுவரத்தானங்கள் 12. அவற்றிற்கு வழங்கும் பெயர்களோ 16. சில தானங்கள் இரண்டு பெயர் பெறுதலே இதற்குக் காரணம். சதுச்சுருதி ரிஷபம் நிற்கும் இடமே சுத்த காந்தாரத்திற்கும் இடம். சாதாரண காந்தாரத்தின் இடமே ஷட்சுருதி ரிஷபத்திற்கும் இடம். தைவத நிஷாதங்களுக்கும் இம்முறையே கொள்க. சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரு மேளத்தில் கூடின், ஸ, ரி, க என்னும் மூன்றும் அடுத்தடுத்த தானங்களில் நெருங்கி நிற்க, காந்தாரத்திற்கும் மத்தியமத்திற்கும் நடுவே பெரியதோர் இடைவெளி உண்டாகிறது. பாடுவோன் சிறிது தளர்ந்தாலும் கேட்போர் அக்காந்தாரத்தை ரிஷபமென்றே கொள்வர். இத்தகைய பிணக்குடைய மேளங்கள் எத்துணை? 12 சக்கரங்களுள் 1, 6, 7, 12 ஆகிய நான்கிலும் அடங்கிய 24 மேளங்களும், எஞ்சிய எட்டுச் சக்கரங்களில் முதலாவதும் ஆறாவதுமாக வரும் 16 மேளங்களும் விவாதியாம். கூட்டினால் 40. மேளங்களிற் பாதிக்கு மேற்பட்டவை இங்ஙனம் அஞ்சி ஒதுக்கப்பட்டன.

இதிலொரு விந்தையும் உண்டு. தியாகையரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் நாட்டையும் வராளியும் இடம் பெற்றுள்ளன. முன்னதில் ஷட்சுருதி ரிஷபம், பின்னதில் சுத்த காந்தாரம்; ஆகவே இரண்டும் விவாதி இராகங்களே. நாட்டையைப் பாடிக் கச்சேரி தொடங்குவோர் எவரும் அதன் ரிஷபத்திற்கு அஞ்சக் கண்டிலேம். பாடுதற்கு அருமையானதைப் பாவமென்று சொல்லி விலகிக்கொண்டனரோ என்று எண்ண இடமுண்டு.

கோடீசுவர ஐயர் 1870-இற் பிறந்தவர். அழகர் குறவஞ்சி பாடிய கவிகுஞ்சர பாரதியாரின் பேரர். பாட்டனாரிடம் வைத்த பத்தியால் 'கவிகுஞ்சரதாசன்' என்பதையே தம் முத்திரையாகக் கொண்டார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் என்னும் பெரியோரிடம் இசை பயின்றார். சென்னை உயர்நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் ஊழியம் செய்து வாழ்ந்தார். வழக்கேடுகளை மொழிபெயர்த்த கையே கனகாங்கிக்கும் சாகித்தியம் எழுதிற்று!

அவர்க்கு முன்னோர் இத்துறையைத் தொடாமல் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் வேங்கடமகியின் வழிவந்த பழைய முறையைத் தழுவினார். மகா வைத்தியநாத ஐயர் 72 மேளங்களையும் ஒரே இராகமாலிகையிற் கோத்தார். அதில் ஒரு மேளம் வந்த விரைவிலேயே மறைந்து அடுத்தது வரும். தனிக் கீர்த்தனையிலோ அங்ஙனம் தப்பிச் செல்ல வழியில்லை. பல்லவி முதல் சரணம் வரை அப்பிணக்குச் சுவரங்களோடேயே வாழ்ந்தாக வேண்டும். கோடீசுவர ஐயர் கனகாங்கி முதல் ரசிகப்பிரியா ஈறாக முருகன்மீது பாடிய தொகுதிக்குக் 'கந்தகானாமுதம்' என்று பெயர். தமிழிசை இயக்கம் 1940-களில் எழுவதற்கு முன்னரே செய்யப்பட்டது இது. மேளத்தின் பெயரையும் அந்தந்தப் பாட்டின் பொருளோடு இயைத்துவிட்டார். அப்பெயர்களோ கடபயாதி எண்ணுக்காக ஆக்கப்பெற்றவை: 'ர' 2, 'ஸ' 7, திருப்பிப் படித்தால் 72, ரசிகப்பிரியா. எண்ணுக்காகப் பிறந்த சொல்லைப் பத்திக்குப் பயன்படுத்துதல் எளிதன்று. எல்லாக் கீர்த்தனைகளும் ஒரே தரத்தன என்று யாம் சொல்லோம். சில, ஆரோகண அவரோகணத்தை விட்டு அதிகம் விலகாமல் ஏணிப்படி ஏறி இறங்குவனவாகவே தோன்றுகின்றன. ரசிகப்பிரியாவோ மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது.

இக்கீர்த்தனைகள் ஏட்டில் உறங்காது காத்தவர் மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த எஸ். இராஜம். வீணை எஸ். பாலசந்தரின் தமையனாராகிய இவர், 1934-இல் 'சீதா கல்யாணம்' படத்தில் இராமராக நடித்தவர், தேர்ந்த ஓவியர். சங்கீத மும்மூர்த்திகளின் உருவமாகச் சபைகளிலும் வீடுகளிலும் நாம் வணங்குவன இவர் தீட்டிய படங்களே. கோடீசுவர ஐயரின் 72 கீர்த்தனைகளையும் பாடிப் பதிவு செய்ததோடு, அஞ்சிய மாணவர்க்கும் அவற்றைக் கற்பித்தார். தீங்கு நேருமென்று சொன்னோர்க்கு அவரது ஆயுளே விடையாயிற்று. 1919-இற் பிறந்து, வாழ்நாளெல்லாம் விவாதி பாடி, 2010-இல் தம் தொண்ணூறாம் பிராயத்தில் மறைந்தார்.

இசை பயிலும் நம் மாணவர் இவற்றைக் கனகாங்கியிலிருந்து வரிசையாகத் தொடங்குதல் நன்றன்று. அது கடினமான வாயில். காதுக்குப் பழகிய நாட்டையின் ரிஷபத்தைத் தம்பூரோடு நிதானமாகப் பிடித்து, பின் அதன் தாய் மேளமாகிய சலநாட்டைக்குச் செல்க. அங்கு ஷட்சுருதி ரிஷபத்தையும் அதனை ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரத்தையும் வேறுபடுத்தி நிறுத்தக் குரலுக்கு இயன்ற பின்னரே கந்தகானாமுதத்தைத் திறக்கலாம்.